பட்டால்தான் வெடிக்கும்: இங்கிலாண்ட் என்ற காவல் கப்பல் ஆறு நீர்மூழ்கிகளைப் பிடித்த விதம்

1944 மே 19 முதல் 31 வரை, யு.எஸ்.எஸ். இங்கிலாண்ட் என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஆறு ஜப்பானிய நீர்மூழ்கிகளை மூழ்கடித்தது. பன்னிரண்டு நாள், ஆறு நீர்மூழ்கி. ஒரே கப்பல் இவ்வளவு குறுகிய காலத்தில் இத்தனையை வீழ்த்தியது அந்தப் போரில் வேறெங்கும் நடக்கவில்லை. இத்தனைக்கும் அது பேர்பெற்ற பெரிய போர்க்கப்பல் அல்ல. வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத, அவசர அவசரமாகக் கட்டி இறக்கிய ஒரு காவல் கப்பல்.

பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இங்கிலாந்து நாட்டுக்கும் இந்தக் கப்பலுக்கும் தொடர்பில்லை. 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பரில் ஓக்லஹாமா போர்க்கப்பலில் இறந்த ஜான் சார்ல்ஸ் இங்கிலாண்ட் என்ற இளம் அதிகாரியின் பெயர் அது. கப்பலை நீரில் இறக்கி வைத்தவர் அவருடைய தாயார்.

ஆறும் எப்படிச் சாத்தியமாயிற்று என்றால், அதில் துணிச்சலின் பங்கு குறைவு என்றே சொல்ல வேண்டும். ஒலி நீரில் போகும் வேகம் ஒன்று, குண்டு நீரில் இறங்கும் வேகம் ஒன்று. இந்த இரண்டு எண்களைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் தானாகப் புரியும்.

காவல் கப்பல் எதற்கு?

சரக்குக் கப்பல்கள் தனித்தனியாகப் போனால் நீர்மூழ்கிக்கு வேட்டை எளிது. அதனால் முப்பது, நாற்பது கப்பல்களை ஒரே அணியாகச் சேர்த்து ஓட்டி, சுற்றிலும் சில போர்க்கப்பல்களைக் காவலுக்கு விடுவார்கள். அணிக்குக் கான்வாய் என்று பெயர், காவலுக்கு எஸ்கார்ட். கிடை ஆடுகளைச் சுற்றி வரும் நாயைப் போன்ற வேலை. ஓநாயைத் துரத்திக்கொண்டு மலை தாண்டிப் போய்விட்டால் கிடை அம்போ. ஆகவே காவல் கப்பலின் முதல் கடமை நீர்மூழ்கியைக் கொல்வது அல்ல, அதைத் தலையெடுக்க விடாமல் அமுக்கி வைப்பது. பெரும்பாலான காவல் கப்பல்கள் போர் முழுக்க ஒரு நீர்மூழ்கியைக்கூட மூழ்கடித்ததில்லை. அவற்றின் பணிப் பதிவேட்டில் 'இந்தத் துறையிலிருந்து அந்தத் துறைக்கு அணியைச் சேர்த்தது' என்ற ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வரும். படிக்க அலுப்பாக இருந்தாலும் அந்த வரிகள்தான் வெற்றி.

முதலில் இந்த வேலையை நாசகாரிக் கப்பல்கள் (டெஸ்ட்ராயர்) செய்தன. ஆனால் அவை விலை அதிகம், கட்ட நாளும் அதிகம். அமெரிக்காவின் ஃப்ளெட்சர் வகை நாசகாரி 2,050 டன், 60,000 குதிரைத்திறன், 35 நாட்டுக்கு மேல் வேகம். (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்.) பத்து நாட் வேகத்தில் ஊர்ந்து போகும் சரக்கு அணிக்குப் பக்கத்தில் ஓட இவ்வளவு வேகம் வீண். அதனால் டெஸ்ட்ராயர் எஸ்கார்ட் என்று ஒரு தனி இனமே உருவானது. இங்கிலாண்ட் சேர்ந்த பக்லி வகை 1,400 டன், 93 மீட்டர் நீளம், 12,000 குதிரைத்திறன், வேகம் சுமார் 24 நாட். குதிரைத்திறன் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் நீர்மூழ்கியைத் தேடவும் தாக்கவும் வேண்டிய கருவிகளில் குறை இல்லை.

இன்ஜினில் ஒரு வேடிக்கை உண்டு. நீராவி டர்பைன் மிக வேகமாகச் சுழலும், கப்பலின் உந்துசக்கரமோ மெதுவாகச் சுழல வேண்டும். இடையில் பெரிய பல்சக்கரப் பெட்டி தேவை. அந்தப் பற்களைத் துல்லியமாக வெட்டும் ஆலைகள் போர்க்காலத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. பக்லி வகையில் பல்சக்கரத்தையே தூக்கிவிட்டார்கள். டர்பைன் ஜெனரேட்டரைச் சுற்றும், வரும் மின்சாரத்தில் மோட்டார் உந்துசக்கரத்தைச் சுற்றும். தட்டுப்பாட்டைச் சமாளிக்க வந்த ஏற்பாடுதான், ஆனால் சட்டென்று பின்னோக்கி இயக்கும் வசதியும் இதனால் கிடைத்தது. போதாததற்கு இரட்டைச் சுக்கான். சுருங்கிய வட்டத்தில் திரும்பும் இந்தக் குணம் வேட்டையில் எவ்வளவு உதவும் என்பது போகப் போகத் தெரியும்.

இப்படி அமெரிக்காவில் மொத்தம் 563 டெஸ்ட்ராயர் எஸ்கார்ட்டுகள் கட்டப்பட்டன. அவற்றில் 78 பிரிட்டிஷ் கடற்படைக்குப் போயின. இங்கிலாண்ட் சான் பிரான்சிஸ்கோவில் 1943 ஏப்ரல் 4-ல் தொடங்கி, செப்டம்பர் 26-ல் நீரில் இறங்கி, டிசம்பர் 10-ல் பணிக்கு வந்தது. அடிக்கட்டையிலிருந்து கொடியேற்றம் வரை எட்டு மாதம்.

கிணற்றுக்குள் கூப்பிட்டுப் பார்ப்பது

நீருக்கடியில் ரேடார் வேலை செய்யாது. ஒலிதான் கண். கப்பலின் அடியில் உள்ள சோனார் ஒரு திசையில் சின்ன ஒலித் துடிப்பை அனுப்பும். எதிரில் ஏதாவது இருந்தால் எதிரொலி வரும். அந்தத் துடிப்பு மனிதக் காதுக்கு எட்டாத உயர்ந்த சுருதி. கருவி அதைக் கீழே இறக்கி 'பிங்' என்று கேட்கவைக்கும்.

ஒலி கடல்நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகும். துடிப்பு போய்த் திரும்ப 2 நொடி ஆனால் பொருள் 1,500 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. இது எளிது. சிரமம் திசையில். அன்றைய சோனார் ஒரே நேரத்தில் எல்லாப் பக்கமும் பார்க்காது, டார்ச் விளக்கு மாதிரி ஒரு குறுகிய கதிர்தான். துடிப்பை அனுப்பு, காதைத் தீட்டிக் கேள், 5 டிகிரி திருப்பு, மறுபடி அனுப்பு. முன்பக்கம் இடமிருந்து வலம் ஒரு முறை துழாவ ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் 15 நாட் வேகத்தில் போகும் கப்பல் 700 மீட்டர் நகர்ந்திருக்கும்.

எதிரொலி கிடைத்ததும் ஆபரேட்டர் உடனே கத்திவிட முடியாது. திமிங்கலம், மீன் கூட்டம், மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பல், தன் கப்பலே திரும்பும்போது கலக்கிவிட்ட நீர் எல்லாமே எதிரொலி தரும். வித்தியாசம் சுருதியில் தெரியும். ரயில் நெருங்கும்போது ஹார்ன் ஒலி உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் கேட்பதைப் போல, நம்மை நோக்கி வரும் நீர்மூழ்கியின் எதிரொலி சற்று உயர்ந்திருக்கும், விலகிப் போவது தாழ்ந்திருக்கும். கிடக்கும் கப்பலிலோ கலங்கிய நீரிலோ இந்த மாற்றம் வராது. பிறகு கதிரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, எதிரொலி தொடங்கும் இடது விளிம்பையும் முடியும் வலது விளிம்பையும் பிடிப்பார்கள். இரண்டுக்கும் நடுவே நீர்மூழ்கி.

இந்தக் காதைக் கெடுக்கும் சங்கதிகள் பல. கப்பல் வேகமாக ஓடினால் அதன் சொந்த இரைச்சலே எதிரொலியை விழுங்கும். அதனால் வேட்டையின்போது வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும், குறைத்தால் டார்பிடோவுக்கு நாமே இலக்கு. அடுத்தது வெப்பம். மேல்நீர் சூடாகவும் கீழ்நீர் குளிர்ந்தும் இருந்தால் ஒலிக்கதிர் கீழ்நோக்கி வளைந்துவிடும். வெயிலேறிய பிற்பகலில், காலையில் நன்றாகக் கேட்ட அதே சோனாருக்குக் காது மந்தமாகும். நீர் வெப்பத்தை ஆழத்துக்கு ஏற்பப் பதிவு செய்ய ஒரு கருவியைக் கயிற்றில் இறக்குவார்கள். புகைபடிந்த சிறு கண்ணாடித் தகட்டில் ஊசி கீறும் கோடு, அடுக்கு எந்த ஆழத்தில் மாறுகிறது என்று காட்டும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை கடைசிக் கட்டத்தில் வருவது. விளக்கடியில் இருட்டு. கதிர் முன்னோக்கிப் போகிறதே தவிரக் கப்பலுக்கு நேர் கீழே போவதில்லை. நீர்மூழ்கியை நெருங்க நெருங்க அது கதிருக்குக் கீழே போய்விடும், எதிரொலி நின்றுவிடும். ஆழம் எவ்வளவு என்று அன்றைய சோனார் நேரடியாகச் சொல்லாது. எவ்வளவு தூரத்தில் எதிரொலி நின்றதோ அதை வைத்துத்தான் ஊகம். தொலைவிலேயே நின்றால் ஆழமாக இருக்கிறான், பக்கத்தில் வரும்வரை கேட்டால் மேலாக இருக்கிறான்.

பீப்பாய் போடுவதில் என்ன சிக்கல்

முதல் உலகப்போரிலிருந்து இருந்துவந்த ஆயுதம் டெப்த் சார்ஜ். வெடிமருந்து நிரப்பிய பீப்பாய். கப்பலின் பின்புறத் தண்டவாளத்திலிருந்து உருட்டிவிடலாம், பக்கத்துக்கு எறியும் கருவியாலும் வீசலாம். முன்கூட்டியே வைத்த ஆழத்தை எட்டியதும் நீர் அழுத்தம் அதை வெடிக்கவைக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நீர்மூழ்கி 100 மீட்டர் ஆழத்தில் 6 நாட் வேகத்தில், அதாவது நொடிக்கு 3 மீட்டர், போகிறது. நம் கப்பல் 15 நாட்டில் அதன் மேலே ஏற வருகிறது. 200 மீட்டர் இருக்கும்போது எதிரொலி நின்றுவிட்டது. அந்த 200 மீட்டரைக் கடக்க 26 நொடி. அமெரிக்கர்களின் சாதாரண பீப்பாய் நொடிக்கு 2.4 மீட்டர்தான் இறங்கும், ஆகவே 100 மீட்டர் இறங்க 41 நொடி. மொத்தம் 67 நொடி நாம் குருடு. அதற்குள் நீர்மூழ்கி 200 மீட்டர் போயிருக்கும், எந்தப் பக்கம் திரும்பியதென்று தெரியாது. மேலே உந்துசக்கர ஓசை நெருங்குவதைக் கேட்கும் நீர்மூழ்கித் தலைவர் அந்தக் கணத்தில்தான் சுக்கானைத் திருப்புவார். பீப்பாயோ நீர்மூழ்கியின் வெளிக்கூட்டை உடைக்க ஏழெட்டு மீட்டருக்குள் வெடிக்க வேண்டும். போதாக்குறைக்கு, வெடித்த இடத்தில் நீர் கலங்கி, குமிழிகள் நிமிடக்கணக்கில் பொய் எதிரொலி தரும். அடி தவறினால் தடமும் அதோடு போயிற்று.

1942-ல் பிரிட்டிஷ் கடற்படையில் வந்த ஹெட்ஜ்ஹாக் என்ற ஆயுதம் இந்த இடைவெளியை அடைக்கப் பிறந்தது. ஹெட்ஜ்ஹாக் என்றால் முள்ளெலி. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரிக்காட்டில் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு சுருளுமே, அந்த இனம். முன்தளத்தில் 24 இரும்புக் கம்புகள் வானத்தைப் பார்த்து நிற்கும், குண்டு ஏற்றாத நேரத்தில் முள்ளெலி முதுகு மாதிரி. ஒவ்வொரு கம்பிலும் ஒரு குண்டைச் செருக வேண்டும். எடை 65 பவுண்டு, சுமார் 30 கிலோ. கடையில் வாங்கும் அரிசிச் சிப்பத்தைவிடச் சற்றுக் கனம். அதில் 35 பவுண்டு டார்பெக்ஸ் என்ற வெடிமருந்து.

பொத்தானை அழுத்தியதும் குண்டுகள் இரண்டிரண்டாகக் கிளம்பும். எல்லாம் ஒரே நொடியில் கிளம்பினால் தளம் தாங்காது. கப்பலுக்கு முன்னால் ஏறக்குறைய 200 மீட்டரில், 40 மீட்டர் குறுக்களவுள்ள வளையமாக நீரில் விழும். விழுந்த பிறகு நொடிக்குச் சுமார் 7 மீட்டர் இறங்கும். இறங்கும்போது மூக்கில் உள்ள சிறு விசிறி நீரில் சுழன்று வெடிமுனையை ஆயத்தப்படுத்தும். எதிலாவது பட்டால்தான் வெடிக்கும். படாவிட்டால் சத்தமில்லாமல் அடிக்குப் போய்விடும்.

கணக்கு எப்படி மாறுகிறது பாருங்கள். குண்டு முன்னால் போய் விழுவதால் சுடும்வரை எதிரொலி கையில் இருக்கிறது. 100 மீட்டர் இறங்க 14 நொடி, பறக்கும் சில நொடிகளையும் சேர்த்தால் 25-க்குள் முடிந்துவிடும். ஆழத்தை முன்கூட்டி வைக்க வேண்டிய தொல்லையும் இல்லை. தவறிவிட்டால் கடல் கலங்குவதில்லை, எதிரொலி அப்படியே இருக்கும், சுற்றி வந்து மறுபடி முயலலாம். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவுவது இதே வேலைதான். தட்டினால் தெரியும், தட்டாவிட்டால் கயிற்றைத் தூக்கி இன்னொரு இடத்தில் போட வேண்டும்.

இருந்தும் பல கப்பல்களில் இது ஆரம்பத்தில் பிடிக்காத பிள்ளையாகவே இருந்தது. முன்தளம் எப்போதும் அலையில் நனையும், உப்புநீர் மின்கம்பிகளில் இறங்கி, பொத்தானை அழுத்தினால் பாதிக் குண்டு கிளம்பாது. மறுபடி 24 குண்டுகளையும் ஆடும் தளத்தில் கையால் ஏற்ற வேண்டும். அதைவிட மனத்தடை ஒன்று. டெப்த் சார்ஜ் தவறினாலும் கடல் மலைபோல் எழும், ஏதோ செய்தோம் என்ற திருப்தி வரும், கீழே இருப்பவனுக்கும் குலை நடுங்கும். ஹெட்ஜ்ஹாக் தவறினால் மயான அமைதி. எண்கள் வேறு கதை சொல்கின்றன. பிரிட்டிஷ் கப்பல்கள் போர்க்காலத்தில் நடத்திய 5,174 டெப்த் சார்ஜ் தாக்குதல்களில் 85.5 நீர்மூழ்கிகள் மூழ்கின (அந்த அரை, வேறொருவரோடு பங்கிட்ட வெற்றி). ஹெட்ஜ்ஹாக் தாக்குதல் 268, மூழ்கியவை 47. அறுபதுக்கு ஒன்று எங்கே, ஆறுக்கு ஒன்று எங்கே.

மே 19: முதல் வேட்டை

1944 மார்ச் 12 அன்று இங்கிலாண்ட் தென் பசிபிக்கின் எஸ்பிரிட்டு சாண்டோ தீவுக்கு வந்தது. இரண்டு மாதம் வழக்கமான காவல் ஓட்டம், பதிவேட்டில் ஒரே வரி ரகம். மே மாதம் நிலைமை மாறியது. பூகன்வில் தீவின் தென்முனையில் உள்ள புயினில் ஜப்பானியப் படை துண்டிக்கப்பட்டு உணவில்லாமல் கிடந்தது. அவர்களுக்கு அரிசி கொண்டுபோக ஐ-16 என்ற பெரிய நீர்மூழ்கி ட்ரக் தீவிலிருந்து கிளம்பியது. பேர்ல் ஹார்பருக்குக் குட்டி நீர்மூழ்கியைச் சுமந்து போனவற்றில் ஒன்று அது. இப்போது மூட்டை சுமக்கிறது. அந்தச் செய்தியை அமெரிக்கச் சங்கேத உடைப்பாளர்கள் படித்துவிட்டார்கள்.

மே 18 அன்று சாலமன் தீவுகளின் பர்விஸ் விரிகுடாவிலிருந்து இங்கிலாண்ட், ஜார்ஜ், ரேபி என்ற மூன்று காவல் கப்பல்கள் கிளம்பின. மூன்றுக்கும் தலைவர் ஜார்ஜில் இருந்த கமாண்டர் ஹாமில்டன் ஹெயின்ஸ். இங்கிலாண்டின் கேப்டன் வால்டன் பெண்டில்டன், தாக்குதலை நடத்தியவர் அவருக்கு அடுத்த அதிகாரி ஜான் வில்லியம்சன்.

மறுநாள் பிற்பகலில் எதிரொலி கிடைத்தது. அந்த நேரம் சோனார் அறையில் எல்லோருடைய கண்ணும் ஒரு காகிதச் சுருள்மீது இருக்கும். ஒவ்வொரு எதிரொலியும் அதில் ஒரு சின்னக் கறுப்புக் கீற்றாக விழும். தூரம் குறையக் குறையக் கீற்றுகள் சாய்ந்த வரிசையாக இறங்கும். சாய்வு செங்குத்தாக இருந்தால் நெருங்கும் வேகம் குறைவு, படுத்திருந்தால் அதிகம். சாய்வுக்கு இணையாக ஓர் அளவுகோலைத் திருப்பி வைத்தால், எந்தக் கணத்தில் சுட வேண்டும் என்று அது காட்டும்.

நான்கு தடவை சுட்டும் கதை முடியவில்லை. இங்கே பலர் தவறுவார்கள்: தடவைக்குத் தடவை பதற்றம் கூடும், வேகம் கூடும், எதிரொலி நழுவும். நீர்மூழ்கியும் சும்மா இராது. கூர்மையாகத் திரும்பும், அல்லது கப்பல் கலக்கிவிட்டுப் போன நீர்த்தடத்துக்குள்ளேயே புகுந்து ஒளியும். இங்கிலாண்ட் ஒவ்வொரு முறையும் விலகிப் போய், சுருங்கிய வட்டத்தில் திரும்பி, எதிரொலியை மறுபடி பிடித்து வந்தது. முதல் எதிரொலி கேட்டு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலானபோது ஐந்தாவது தடவை.

குண்டுகள் நீரில் விழுந்ததிலிருந்து நொடிகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும், வெடிச் சத்தம் கேட்கும்வரை. எண்ணிக்கையை 7-ஆல் பெருக்கினால் ஆழம் மீட்டரில். அன்று அடுத்தடுத்துச் சில வெடிகள் கேட்டன. ஆழம் ஏறத்தாழ 150 மீட்டர் என்று கணக்கானது. ஐ-16 வகைக்கு அனுமதித்த ஆழம் 100 மீட்டர்தான். அதையும் தாண்டிப் போய் ஒளிந்திருக்கிறது.

சில நிமிடங்களில் பெரிய வெடிப்பு ஒன்று இங்கிலாண்டின் பின்பக்கத்தையே தூக்கிப் போட்டது. ஆட்கள் நிலைகுலைந்து விழுந்தார்கள். டார்பிடோ தங்கள்மேல்தான் பட்டுவிட்டது என்று முதலில் நினைத்தார்கள். சற்று நேரத்தில் தக்கைத் துண்டும் மரத்துண்டும் மேலே வந்தன. கூடவே ரப்பர் உறைக்குள் கட்டிய அரிசி மூட்டை, 75 பவுண்டு. புயினில் காத்திருந்தவர்களுக்குப் போக வேண்டியது. நீர்மூழ்கியில் இருந்தவர்களில் யாரும் பிழைக்கவில்லை.

வரிசையைச் சுருட்டியது

அமெரிக்க விமானந்தாங்கிகள் தெற்கிலிருந்து வரும் என்று எதிர்பார்த்து, அட்மிரால்டி தீவுகளுக்கும் ட்ரக்குக்கும் இடைப்பட்ட கடலில் ஜப்பானியர்கள் ஏழு சிறிய நீர்மூழ்கிகளை வேலி போல் நிறுத்தியிருந்தார்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சுமார் 30 மைல். 'என்.ஏ.' கோடு என்று அதற்குப் பெயர். அந்தக் கோட்டின் இருப்பும் சங்கேத உடைப்பில் தெரிந்துபோயிற்று. வேலியை நேராகக் கடக்கப் பார்ப்பவருக்குத்தான் அது ஆபத்து. ஒரு முனையிலிருந்து கோட்டின் வழியே நடந்து வருபவருக்கு ஒவ்வொரு கம்பமும் வரிசையாகக் கைக்கு வரும்.

மே 22-ல் ஆர்.ஓ-106, 23-ல் ஆர்.ஓ-104, 24-ல் ஆர்.ஓ-116, 26-ல் ஆர்.ஓ-108. இவற்றில் பல இரவில் ரேடாரில்தான் முதலில் சிக்கின, அதற்குக் காரணம் பேட்டரி. அந்தக்கால நீர்மூழ்கி உண்மையில் நீருக்கடியில் கொஞ்ச நேரம் ஒளியத் தெரிந்த மேற்பரப்புக் கப்பல்தான். அடியில் பேட்டரியில் ஓடும். மூன்று நாட் வேகத்தில் ஊர்ந்தாலே ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடும். டீசலை ஓட்டிச் சார்ஜ் ஏற்ற மேலே வந்தே தீர வேண்டும். இருட்டில் வந்தாலும் ரேடார் பார்த்துவிடும். உடனே மூழ்குவார்கள். மூழ்கிய இடம் தெரியுமாதலால் சோனார் அங்கிருந்து பிடித்துக்கொள்ளும்.

முதலில் கண்டுபிடித்தது பல தடவை ஜார்ஜோ ரேபியோதான். அவையும் அதே வகை ஆயுதத்தால் சுட்டன, தவறின. பிறகு இங்கிலாண்ட் வந்து ஒன்றிரண்டு தடவையில் முடித்தது. ஒன்றென்றால் அதிர்ஷ்டம் எனலாம், ஐந்தாறைச் சொல்ல முடியாது. எதிரொலியின் சுருதியைக் கேட்டவர், காகிதத்தைப் படித்தவர், சுக்கானைப் பிடித்தவர், சுடும் நொடியைத் தீர்மானித்தவர் எல்லோரும் ஒரே கையின் விரல்களாக இயங்கியதுதான் வித்தியாசம் என்று தோன்றுகிறது. ஆனால் மற்ற இரண்டு கப்பல்களும் சுற்றி நின்று தடத்தை நழுவ விடாமல் பிடித்திராவிட்டால் இங்கிலாண்டுக்குச் சுட ஒன்றும் இருந்திருக்காது. ஆறு வெற்றிகளையும் ஒரே பெயரில் எழுதும் பட்டியல்கள் இதைச் சொல்வதில்லை.

ஹெட்ஜ்ஹாக் குண்டுகளும் தீர்ந்துவந்தன. ஒரு சுற்றுக்கு 24 என்றால் எவ்வளவு நாள் வரும்? மானுஸ் தீவின் சீயட்லர் துறைமுகத்துக்குப் போனார்கள். ஸ்பாங்ளர் என்ற இன்னொரு காவல் கப்பல் குண்டுகளைக் கொண்டுவந்து சேர்த்தது.

ஆறாவது, ஆர்.ஓ-105. நீர்மூழ்கிப் பிரிவின் தலைவரே அதில் இருந்தார். மே 30 அதிகாலையில் ஹேசல்வுட் என்ற நாசகாரியின் ரேடாரில் சிக்கியதிலிருந்து, ஒரு நாளுக்கும் மேலாக மற்றக் கப்பல்களின் தாக்குதல்களை ஒவ்வொன்றாக ஏமாற்றியது. காற்றுக்காக ஒரு முறை ஜார்ஜுக்கும் ரேபிக்கும் நடுவிலேயே எழுந்து வந்தது. குறுக்கே தங்கள் கப்பல்களே நின்றதால் சுட முடியாமல் போக, மறுபடி மூழ்கிவிட்டது. அதுவரை இங்கிலாண்ட் ஒதுங்கி நிற்கும்படி வைக்கப்பட்டிருந்தது. 31-ஆம் தேதி காலை அதை அழைத்தார்கள். முதல் சுற்றிலேயே முடிந்தது.

ஏழில் ஐந்து போயின, இரண்டு தப்பின. அமெரிக்கப் படை கடைசியில் அந்தப் பக்கம் வரவே இல்லை. ஜூன் 15 அன்று சைப்பானில் இறங்கியது. கடற்படைத் தலைவர் அட்மிரல் எர்னெஸ்ட் கிங், பிரிட்டனில் அப்போது எல்லோரும் பாடிய ஒரு பாட்டின் அடியைத் திருப்பி, 'அமெரிக்கக் கடற்படையில் எப்போதும் ஓர் இங்கிலாண்ட் இருக்கும்' என்று செய்தி அனுப்பினார். கப்பலுக்கு ஜனாதிபதி பாராட்டுப் பட்டயம் கிடைத்தது.

வானத்திலிருந்து வந்தது

காவல் கப்பலின் பலவீனம் தலைக்கு மேலே. எடையும் இடமும் நீர்மூழ்கி வேட்டைக்குப் போய்விட, விமானத்தைச் சுடப் போதுமான பீரங்கி இல்லை. இதற்கு உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் விமானந்தாங்கியை மூழ்கடித்த ஜப்பானிய விமானங்கள், ஓர் எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாகப் போன ஹாலிஹாக் என்ற சிறு காவல் கப்பலையும் (கார்வெட் வகை) அதே நாளில் மூழ்கடித்தன. அதுவும் நீர்மூழ்கிக்கு எதிராகக் கட்டியதுதான்.

இங்கிலாண்டிடம் மூன்று 3 அங்குலப் பீரங்கிகள், ஒரு நாற்குழல் 1.1 அங்குலத் துப்பாக்கி, சில 20 மில்லிமீட்டர் துப்பாக்கிகள். 1945-ல் ஜப்பானின் ஒகினாவா தீவைச் சுற்றி நின்ற காவல் வளையத்தில் இது போதவில்லை. மே 9 அன்று மூன்று ஜப்பானிய விமானங்கள் பாய்ந்தன. முதலாவது தீப்பற்றிய பிறகும் விலகாமல் கப்பலின் வலப்பக்கத்தில், கப்பலை நடத்தும் மேல்மேடைக்குச் சற்றுக் கீழே மோதியது. அதன் குண்டும் வெடித்தது. 37 பேர் இறந்தார்கள், 25 பேர் காயமடைந்தார்கள். தீயை அணைத்து, கெராமா தீவுகளுக்கு இழுத்துப் போனார்கள். பின்பு பிலடெல்பியாவுக்கு அனுப்பி, துருப்புகளை ஏற்றும் வேகக் கப்பலாக மாற்றத் திட்டமிட்டார்கள். வேலை முடிவதற்குள் போர் முடிந்தது. 1945 அக்டோபர் 15-ல் பணிவிலக்கம். 1946 நவம்பர் 26-ல் காயலாங்கடைக்கு விற்பனை. பதிவேட்டின் கடைசியில் பத்துப் போர் நட்சத்திரங்கள்.

வில்லியம்சன் பெயர் மட்டும் இன்றும் எல்லாக் கடல்களிலும் புழங்குகிறது, ஆனால் நீர்மூழ்கிக்காக அல்ல. ஆள் கடலில் விழுந்துவிட்டால் கப்பலைத் திருப்பும் முறைக்கு 'வில்லியம்சன் திருப்பம்' என்று பெயர். ஆள் விழுந்த பக்கமே சுக்கானை முழுவதும் திருப்ப வேண்டும். பழைய திசையிலிருந்து 60 டிகிரி விலகியதும் எதிர்ப்பக்கம் முழுச் சுக்கான். பழைய திசைக்கு நேரெதிர்த் திசை வர 20 டிகிரி இருக்கும்போது சுக்கானை நடுவுக்குக் கொண்டுவந்து நேராக்கலாம். இதைவிட விரைவான முறைகள் இருக்கின்றன. இதில் கப்பல் முதலில் ஆளை விட்டு விலகிப் போகும், நேரமும் பிடிக்கும். ஆனால் ஆள் எப்போது விழுந்தான் என்றே தெரியாத இரவிலும், எதிரே ஒன்றும் தெரியாத மூடுபனியிலும், கப்பல் தான் வந்த தடத்திலேயே திரும்பி வந்து நிற்பது இந்தத் திருப்பத்தில்தான்.